ஹூபர்ட் செசில் பூத்

ஹூபர்ட் செசில் பூத் (ஜூலை 4, 1871 – ஜனவரி 14, 1955) ஓர் இங்கிலாந்துப் பொறியியலாளர். வேக்குவம் கிளீனர் என்று பரவலாக அறியப்படும் தூசு உறிஞ்சியை எந்திர விசையால் இயங்கும் வகையில் வடிவமைத்து, 1901 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரியவர். கம்பளங்களைத் தரையில் இருந்து எடுக்காமலே தூய்மை செய்யும் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவர். இதைத் தவிரப் பாலங்கள், போர்க்கப்பல் எந்திரங்கள், ஐரோப்பிய நகரங்களில் நிறுவப்பட்ட இராட்சத இராட்டினங்கள் ஆகியவற்றின் வடிவமைப்பிலும் இவர் பங்கு கொண்டார். வியன்னா நகரின் அடையாளமாகக் கருதப்படும் இராட்டினம் இவர் பணியாற்றிய படைப்புகளுள் ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

பூத் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள குளோஸ்டர் நகரில் பிறந்தார். பள்ளிக் கல்வியை அந்நகரிலேயே முடித்தார். 1889 ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த மத்திய தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, குடிசார் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் பயின்றார். இக்கல்லூரி பின்னாளில் இம்பீரியல் கல்லூரியின் ஒரு பகுதியாயிற்று. அக்காலத்தின் புகழ்பெற்ற பொறியியல் பேராசிரியரான வில்லியம் காதோர்ன் அன்வின் அங்கு இவருக்கு ஆசிரியராக விளங்கினார். மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் பூத் தம் துறையில் இரண்டாம் இடத்தில் தேறினார்.

பாலங்களும் இராட்டினங்களும்

1892 ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டன் லாம்பெத் பகுதியில் இயங்கிய மோட்ஸ்லி, சன்ஸ் அண்ட் ஃபீல்ட் நிறுவனத்தின் வரைபட அலுவலகத்தில் பூத் பணியில் சேர்ந்தார. கப்பல் எந்திரங்களுக்குப் பெயர் பெற்ற இந்நிறுவனத்தில், பிரித்தானியக் கடற்படைப் போர்க்கப்பல்களுக்கான எந்திரங்களின் வடிவமைப்பில் ஈடுபட்டார்.

1893 ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் அமைத்த இராட்டினம் பெரும் வரவேற்பைப் பெற்றதைத் தொடர்ந்து, ஐரோப்பாவிலும் அத்தகைய இராட்டினங்களை அமைக்கும் முயற்சிகள் தொடங்கின. மோட்ஸ்லி நிறுவனத்தின் வால்டர் பாசெட் இதில் முன்னின்றார். இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் (1895), பிளாக்பூல் (1896), வியன்னா (1897), பாரிஸ் (1900) ஆகிய இடங்களில் எழுப்பப்பட்ட இராட்டினங்களின் வடிவமைப்பில் பூத் பணியாற்றினார். இவற்றுள் இன்றும் நிலைத்திருப்பது வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் உள்ள இராட்டினம் மட்டுமே. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள இது, 1944 ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போரின்போது தீக்கிரையானது. பின்னர் திருத்தி அமைக்கப்பட்டபோது, முன்பிருந்த 30 பெட்டிகளுக்குப் பதிலாக 15 பெட்டிகளே பொருத்தப்பட்டன.

பின்னர் பூத் ஆலோசனைப் பொறியாளராகத் தனித்துத் தொழில் செய்தார். இசுக்கொட்லாந்தின் எட்டிவ் நீரேரி வாயிலில் 1903 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கானல் ஃபெரி தொடருந்துப் பாலத்தை நிறுவும் பணியை இவர் வழிநடத்தினார். அப்பாலம் தற்போது சாலைப் பாலமாகப் பயன்படுகிறது.

பூத்துக்கு முந்தைய கம்பளத் தூய்மை முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வசதி படைத்த வீடுகளிலும் விடுதிகளிலும் அரங்குகளிலும் கனத்த கம்பளங்கள் தரை முழுவதும் விரிக்கப்பட்டன. அவற்றைத் தூய்மையாக வைத்திருப்பது கடினமான வேலையாக இருந்தது. பின்வரும் முறைகளே பெரும்பாலும் வழக்கில் இருந்தன.

* அடித்தல்: ஆண்டுக்கு ஓரிரு முறை அறையில் உள்ள பொருட்களை எல்லாம் வெளியேற்றிக் கம்பளத்தைக் கழற்றி, வெளியே கயிற்றில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடிப்பர். பெரிய கம்பளங்களை நீராவி விசையால் அடிக்கும் தொழிற்கூடங்களும் இருந்தன.
* பெருக்குதல்: பயன்படுத்திய ஈரத் தேயிலைத் தூளைக் கம்பளத்தின் மேல் தூவித் துடைப்பத்தால் பெருக்குவர். ஈரத்தில் தூசு ஓரளவு ஒட்டிக் கொள்ளும்.
* உருளும் தூரிகைப் பெட்டி: அமெரிக்காவைச் சேர்ந்த மெல்வில் பிசெல் 1876 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இக்கருவி, மேற்பரப்பில் உள்ள குப்பையை ஒரு தட்டில் சேர்த்தது. இழைகளின் அடியில் தங்கிய தூசை இதனால் எடுக்க இயலவில்லை.
* ஊதுதல்: அழுத்தப்பட்ட காற்றைக் கம்பளத்தின் மேல் பாய்ச்சித் தூசைக் கிளப்பி, ஒரு பெட்டிக்குள் சேர்க்க முயலும் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றியது.

அடித்தலைத் தவிர ஏனைய முறைகள் குறுக்கு வழிகள் என்றே கூறலாம். கம்பளத்தைக் கழற்றும் துன்பத்தைத் தவிர்த்தன. ஆனால் தூசு பெரும்பாலும் அறையிலேயே இருந்தது. காற்றில் எழுந்து, திரைகளிலும் இருக்கைகளிலும் படிந்து, மீண்டும் கம்பளத்திற்கே வந்து சேர்ந்தது. அடித்தல் முறையோ தூசை அகற்றினாலும் கம்பளத்தின் இழைகளுக்குக் கேடு விளைவித்தது. இவ்வேலைகள் அனைத்தும் வீட்டுப் பணியாளர்களின் தோள்களில் விழுந்தன. எழுந்த தூசை மூச்சில் இழுத்தவர்களும் அவர்களே.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

1901 ஆம் ஆண்டு, இலண்டனில் உள்ள எம்பயர் இசை அரங்கில் காட்டப்பட்ட ஓர் அமெரிக்கக் கருவியைக் காணப் பூத் சென்றார். அது காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் வகையைச் சேர்ந்தது. கிளம்பிய தூசில் ஒரு பகுதி மட்டுமே கருவியின் பெட்டிக்குள் சென்றது. தூசை ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக் கூடாது என்று பூத் அக்கருவியை உருவாக்கியவரிடம் வினவினார். அது முடியாத செயல் என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

சில நாட்களுக்குப் பின், இலண்டன் விக்டோரியா தெருவில் உள்ள ஓர் உணவகத்தில் பூத் ஒரு சோதனை செய்தார். மென்பட்டுத் துணி போர்த்திய இருக்கையின் முதுகுப் பகுதியில் வாயை வைத்துக் காற்றைப் பலமாக உள்ளிழுத்தார். தூசு தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறினார். ஆயினும் தமது எண்ணம் சரியானதே என்பது உறுதியாயிற்று. வாய்க்கும் துணிக்கும் இடையே கைக்குட்டையை வைத்து உறிஞ்சி, அதில் படிந்த அழுக்கைப் பார்த்தார் என்றும் இந்நிகழ்ச்சி கூறப்படுவதுண்டு. தூசு உறிஞ்சியின் இரு முக்கியக் கூறுகளான உறிஞ்சு விசையும் துணி வடிகட்டியும் இச்சோதனையில் அடங்கியுள்ளன.

1901 ஆகஸ்ட் 30 அன்று பூத் தமது இயந்திரத்திற்கான காப்புரிமை விண்ணப்பத்தை அளித்தார்.

இயந்திரத்தின் அமைப்பும் செயற்பாடும்

பூத்தின் முதல் இயந்திரம் வீட்டுக்குள் கொண்டு செல்லத்தக்கது அன்று. குதிரைகள் இழுக்கும் வண்டியில் பொருத்தப்பட்ட பெரிய இயந்திரம் அது. சிவப்பு வண்ணம் பூசப்பட்ட வண்டி தெருவில் நிற்கும். அதிலிருந்து நீண்ட வளையும் குழாய்கள் சன்னல்கள் வழியாக வீட்டுக்குள் செல்லும். சீருடை அணிந்த பணியாளர்கள் குழாய்களின் முனையைக் கம்பளத்தின் மேல் நகர்த்துவர். இயந்திரம் எழுப்பிய ஒலியால் மக்கள் இதற்குப் பஃபிங் பில்லி என்று செல்லப்பெயர் இட்டனர்.

இயந்திரம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

1. எக்கி: பெட்ரோல் எந்திரத்தால் இயங்கும் உந்துதண்டு எக்கி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். பின்னர் மின்னோடியால் இயங்கும் வகைகளும் செய்யப்பட்டன.
2. வடிகட்டி: குழாய்க்கும் எக்கிக்கும் நடுவே ஒரு கலத்தில் துணி வடிகட்டி வைக்கப்பட்டது. தூசு இதில் தங்கிவிடும். எக்கிக்குள் தூசு புகுந்து தேய்மானம் ஏற்படுவதும் இதனால் தவிர்க்கப்பட்டது.
3. உறிஞ்சு முனை: கம்பளத்தைத் தொடும் பகுதி. இதில் தூரிகை கிடையாது.

வெற்றிடம் தூசை இழுக்கிறது என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், உண்மையில் நிகழ்வது வேறு. குழாய்க்குள் அழுத்தம் குறைவதால் வெளியே உள்ள வளிமண்டலக் காற்று கம்பளத்தின் இழைகள் ஊடாக முனைக்குள் விரைந்து நுழைகிறது. விரையும் அக்காற்றே தூசைச் சுமந்து செல்கிறது. ஆகவே காற்று ஓட்டம் தடைப்பட்டால் எத்துணை வலிய எக்கியாலும் பயன் இல்லை. வடிகட்டி அடைபடாமல் பார்த்துக் கொள்வதும், இணைப்புகளில் கசிவு இல்லாமல் பார்த்துக் கொள்வதும், முனையைப் பொறுமையாக நகர்த்துவதும் இன்றளவும் இத்தொழிலின் அடிப்படைப் பழக்கங்களாக இருப்பது இதனால்தான்.

சில குழாய்களில் கண்ணாடிப் பகுதி ஒன்றும் பொருத்தப்பட்டது. தம் வீட்டுக் கம்பளத்திலிருந்து தூசு ஓடுவதை உரிமையாளர்கள் நேரில் காண முடிந்தது. உயர்குடிப் பெண்கள் தோழியரைத் தேநீருக்கு அழைத்து இக்காட்சியைக் காட்டும் வழக்கமும் ஏற்பட்டது.

நிறுவனம்

பூத் இவ்வியந்திரங்களைக் கொண்டு பிரித்தானிய வேக்குவம் கிளீனர் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் கிடையாது. இயந்திரத்தின் விலையும் பருமனும் தனிப்பட்ட குடும்பங்களுக்கு ஏற்றவை அல்ல. எனவே நிறுவனம் தூய்மை செய்யும் சேவையையே முதன்மையாக வழங்கியது. வீடுகள், அரங்குகள், விடுதிகள், கடைகள் ஆகியவற்றுக்கு வண்டிகள் அனுப்பப்பட்டன. பெரிய கட்டடங்களுக்கு அடித்தளத்தில் எக்கியையும் சுவர்களில் குழாய்களையும் நிலையாகப் பொருத்தித் தரும் பணியும் நடைபெற்றது.

தெருவில் இயந்திரத்தை நிறுத்தியதால் சிக்கல்கள் எழுந்தன. அதன் ஒலியைக் கேட்டு வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன. இது குறித்து நிறுவனத்தின் மீது வழக்குகள் தொடரப்பட்டன. பொதுச் சாலையில் நின்று இயங்க இவ்வண்டிகளுக்கு உரிமை இல்லை என்று காவல்துறை கருதியது. இருப்பினும் வண்டிகள் தொடர்ந்து இயங்கின.

முடிசூட்டு விழா

ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடைபெறுவதாக இருந்து, மன்னரின் குடல்வால் நோய் காரணமாகத் தள்ளி வைக்கப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் நடந்தது. விழாவுக்கு முன், அரியணைகளின் கீழ் விரிக்கப்பட்டிருந்த நீலக் கம்பளங்கள் அழுக்கடைந்திருப்பது தெரிய வந்தது. அவற்றைக் கழற்றி வெளியே கொண்டு சென்று அடிப்பதற்கு நேரம் இல்லை. பூத்தின் இயந்திரம் வரவழைக்கப்பட்டுக் கம்பளங்கள் விரித்த இடத்திலேயே தூய்மை செய்யப்பட்டன.

இதைக் கேள்வியுற்ற மன்னர், பக்கிங்காம் அரண்மனையில் இயந்திரத்தை இயக்கிக் காட்டச் செய்தார். தொடர்ந்து பக்கிங்காம் அரண்மனைக்கும் வின்சர் கோட்டைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. மிரண்ட குதிரைகளுக்காக நீதிமன்றம் ஏறிய நிறுவனத்திற்கு இது பெரும் மதிப்பைத் தேடித் தந்தது.

முதல் உலகப் போரும் கிரிஸ்டல் அரண்மனையும்

முதல் உலகப் போரின்போது இலண்டனின் கிரிஸ்டல் அரண்மனை கடற்படை வீரர்களின் பயிற்சி நிலையமாக மாற்றப்பட்டது. வீரர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த அங்கு, புள்ளிக் காய்ச்சல் என்று அப்போது அழைக்கப்பட்ட மூளை உறையழற்சி நோய் பரவியது. தூசு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டதால் பூத்தின் இயந்திரங்கள் 15 அங்கு அனுப்பப்பட்டன. தரைகளிலிருந்தும் சுவர்களிலிருந்தும் கூரை விட்டங்களிலிருந்தும் 26 டன் தூசு அகற்றப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. நோய் தணிந்தது.

இந்நோய், நெருங்கிப் பழகுவோரிடையே இருமல், தும்மல், எச்சில் துளிகள் வழியாகப் பரவுகிறது என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஆகவே தூசை அகற்றியதால்தான் நோய் நின்றது என்று கொள்வதற்கு இல்லை. ஆயினும் தூசகற்றுதல் அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று, உடல்நலம் சார்ந்த வேலை என்னும் எண்ணம் பொதுமக்களிடம் வலுப்பெற இந்நிகழ்ச்சி உதவியது.

முன்னோடிகளும் வழக்குகளும்

தூசை உறிஞ்சும் எண்ணம் பூத்துக்கு மட்டும் தோன்றியது அன்று. அமெரிக்காவில் ஐவ்ஸ் மெக்காஃபி என்பவர் கையால் சுழற்றும் விசிறி கொண்ட கருவி ஒன்றுக்கு 1869 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றிருந்தார். பூத் தமது இயந்திரத்தை உருவாக்கிய அதே காலத்தில், டேவிட் கென்னி என்பவர் அமெரிக்காவில் கட்டடங்களுக்கான நிலையான உறிஞ்சு அமைப்புகளை உருவாக்கி வந்தார். எந்திர விசை, வடிகட்டி, நீண்ட குழாய் ஆகியவற்றை ஒன்றிணைத்து, அதனை நகர்ந்து சென்று பணியாற்றும் தொழிலாக நடைமுறைப்படுத்தியதே பூத்தின் தனிச் சிறப்பு.

காப்புரிமையைக் காக்கப் பூத்தின் நிறுவனம் பல வழக்குகளில் ஈடுபட நேர்ந்தது. 1907 ஆம் ஆண்டு, இதே சொற்களைத் தன் பெயரில் கொண்ட போட்டி நிறுவனம் ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தது. வேக்குவம் கிளீனர் என்பது ஒரு பொருளை விவரிக்கும் சொல்; அதை எவரும் தமக்கே உரியதாகக் கோர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. இதனால் அப்பெயர் உலகின் பொதுச் சொல்லானது. பூத்தின் பெயர் அதனோடு சேரவில்லை.

சிறு இயந்திரங்களின் வருகை

பூத்தின் நிறுவனம் 1906 ஆம் ஆண்டளவில் தள்ளுவண்டி வடிவிலான மின் இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதுவும் சாதாரணக் குடும்பங்களுக்குக் கனமும் விலையும் மிகுந்ததாக இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவுப் பணி செய்து வந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் ஒரு சிறு கருவியைச் செய்தார். இரைப்பு நோயால் அவதியுற்ற அவருக்குக் கம்பளத்தைப் பெருக்கும்போது எழும் தூசு பெரும் இடராக இருந்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை, சுழலும் தூரிகை ஆகியவற்றைக் கொண்டு அவர் அமைத்த கருவிக்கு 1908 ஜூன் 2 அன்று காப்புரிமை கிடைத்தது. அதன் உரிமையை வில்லியம் ஹூவரின் குடும்பத்தினர் வாங்கி விற்பனை செய்தனர். வீடுகளுக்கு மின்சாரம் பரவப் பரவ ஹூவர் இயந்திரங்கள் பல நாடுகளுக்கும் சென்றன.

பூத் பிறந்த இங்கிலாந்திலேயே தூசு உறிஞ்சிக்கு ஹூவர் என்பது வழக்குச் சொல்லாகிவிட்டது. அந்நாட்டு மக்கள் கம்பளத்தைத் தூய்மை செய்வதையும் அப்பெயரை வினைச்சொல்லாக்கியே குறிப்பிடுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

பூத்தின் நிறுவனமும் பின்னர் வீட்டுப் பயன்பாட்டுக்கான இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. 1926 ஆம் ஆண்டு முதல் இவை கோப்ளின் என்னும் வணிகப் பெயரில் விற்கப்பட்டன. தொழிற்சாலைகளுக்கான பெரிய தூசகற்றும் அமைப்புகளையும் நிறுவனம் தொடர்ந்து செய்தது.

1930களின் நடுப்பகுதியில், தொழில்நுட்ப வரலாற்றை ஆயும் நியூகோமன் கழகத்தில் தூசு உறிஞ்சியின் தோற்றம் குறித்துப் பூத் ஒரு கட்டுரை வாசித்தார். இசை அரங்குக் காட்சி, உணவகச் சோதனை, முடிசூட்டு விழா ஆகியன பற்றி இன்று அறியப்படும் செய்திகளுக்கு அக்கட்டுரையே முதன்மையான சான்றாகும். அவை பூத் தாமே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கூறியவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பூத் 1955 ஜனவரி 14 அன்று தம் 83 ஆம் அகவையில் குராய்டனில் காலமானார்.

இன்றைய கம்பளத் தூய்மைத் தொழிலில் பூத்தின் தாக்கம்

வீடுகளில் சிறிய இயந்திரமே வென்றது. ஆனால் தொழில்முறைக் கம்பளத் தூய்மைப் பணியில் பூத்தின் அமைப்பு மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளது. இன்று பல நாடுகளில் இப்பணியைச் செய்வோர், வேனில் பொருத்திய வலிய உறிஞ்சு இயந்திரத்தைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை வாயில் வழியாக வீட்டுக்குள் இட்டுச் செல்கின்றனர். குதிரைகளுக்குப் பதிலாக மோட்டார் வண்டியும், காற்றோடு சூடான நீரும் சேர்ந்துள்ளன. சூடான நீரைக் கம்பளத்தில் பாய்ச்சி உடனே அழுக்கு நீரை உறிஞ்சி எடுப்பது இம்முறையாகும். ஊதி நகர்த்துவதை விட உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்ற பூத்தின் கொள்கையே இங்கும் செயற்படுகிறது.

நீரைப் பாய்ச்சும் முன் உலர்ந்த தூசை முழுமையாக உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. நேரத்தை மிச்சப்படுத்த இப்படியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் தூசு நீரில் கரைந்து சேறாகி இழைகளின் அடியில் இறங்கும். உலர்ந்த பின் கறை மேலெழும். எடுக்கப்படாமல் தங்கும் மணல் துகள்கள், நடக்கும்போது கூரிய அரம் போல இழைகளை அறுக்கின்றன. கம்பளம் நைந்து போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நினைவுகள்

இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பூத்தின் தொடக்க கால இயந்திரம் பாதுகாக்கப்படுகிறது. 2018 ஜூலை 4 அன்று, அவரது 147 ஆவது பிறந்த நாளை முன்னிட்டு, கூகுள் தேடுபொறி தன் முகப்பில் குதிரை வண்டியோடு கூடிய அவரது இயந்திரத்தைச் சித்திரமாக வெளியிட்டது.

காலவரிசை

* 1871 – குளோஸ்டரில் பிறப்பு
* 1889 – இலண்டன் மத்திய தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்தல்
* 1892 – மோட்ஸ்லி நிறுவனத்தில் பணி
* 1895–1900 – இராட்டினங்களின் வடிவமைப்பு
* 1901 – தூசு உறிஞ்சிக்குக் காப்புரிமை விண்ணப்பம்
* 1902 – முடிசூட்டு விழாக் கம்பளங்களின் தூய்மைப் பணி
* 1903 – கானல் ஃபெரி பாலம் திறப்பு
* 1907 – நிறுவனப் பெயர் குறித்த வழக்கின் தீர்ப்பு
* 1926 – கோப்ளின் வணிகப் பெயர் அறிமுகம்
* 1955 – குராய்டனில் இறப்பு